அன்னத் தட்டு ஆடிய கதை

வீட்டை அலங்கரிக்கும் திறமை தனக்கு இருப்பதாக நம்பும் பெண்ணிடம் சுத்தியலைக் கொடுக்கக்கூடாது. ஒரு காலத்தில் அந்தப் பெண் நான்தான்.

அறுபதுகளில் சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் எங்களுக்குப் புது அடுக்குமாடி வீடு கிடைத்தது. வீட்டுக்குள்ளேயே கழிப்பறை; சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும். சுவர்கள்தான் வெறிச்சென்று இருந்தன. என் நாத்தனார் வள்ளியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். முன்பு வந்துபோனவர்கள் பதிலே சொல்லவில்லை. "இதுவும் கைநழுவிடுச்சுன்னா அவ என்னாவா, சரோஜா?" என்று மாமியார் என்னிடம் புலம்பினார்.

நான் களத்தில் இறங்கினேன். புதிதாகக் குடிவந்தவர்கள் கீழே கழித்துப்போட்ட சாமான்களில் வட்ட வட்டமாகப் பீங்கான் பூச்சுத் தட்டுகள் கிடந்தன. முதுகில் ஒரு பிடி வேறு (ஆணியில் மாட்ட என்ன வசதி!). தேய்த்துக் கழுவி, அட்டையில் அன்னம் வெட்டி உட்பக்கம் வைத்து, கதவுக்கு அடித்த மிச்சப் பச்சைப் பெயிண்டை ஒற்றி எடுத்து, சுவரில் வரிசையாக மாட்டினேன்.

"இது என்ன, வாத்தா அண்ணி?" என்றாள் வள்ளி. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பெண் பார்க்க வரும் நாளன்று நாற்காலி இரவல் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுச் சீனப் பெண் ஆ மோய், சுவரைப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். சந்தை மலாயில் விளக்கமும் சொன்னாள். அவை தட்டுகள் அல்ல. ராத்திரியில் கட்டிலுக்கடியில் வைக்கும் மூத்திரச் சட்டியின் மூடிகள்!

கழற்றலாமென்றால், மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

கேசரி பரிமாறினேன். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணைவிடச் சுவரைத்தான் அதிகம் பார்த்தார். தெரிந்துபோய்விட்டதோ? பாழாய்ப்போன என் புத்தியால் வள்ளியின் வாழ்க்கை போகப்போகிறதே என்று அழுகை முட்டியது.

"கைவேலை தெரிஞ்ச குடும்பம். எங்களுக்குப் பிடிச்சிருக்கு, இன்னைக்கே தட்டு மாத்திக்குவோம்" என்றார் அவர். பையிலிருந்து பழம், வெற்றிலையெல்லாம் எடுத்தவர், "தட்டு கொண்டாரலையே. அந்த அன்னத் தட்டை எடும்மா" என்றார்.

"பெயிண்ட் காயலைங்க!" என்றேன் அவசரமாக.

விரலால் தொட்டுப் பார்த்தார். "காஞ்சுதானே இருக்கு?"

ஆ மோய் முந்தானை இல்லாத குறைக்கு என் முந்தானையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டாள். தேங்காயை வைத்ததும், அடியில் இருந்த பிடியால் தட்டு தள்ளாடியது.

"ஏன் இப்படி ஆடுது?"

"புதுத் தட்டுங்க... கொஞ்சம் கூச்சம்" என்று உளறினேன்.

மாமியார் அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார். ராசியான தட்டாம்! சாமி அலமாரியில் வைத்தார். கல்யாணத்தன்று அட்சதையும் அதில்தான் வந்தது. தாலி ஏறும்வரை நான் மூச்சே விடவில்லை. ஏறிய மறுகணம், அதுவரை அடக்கிவைத்திருந்த ஆ மோய் வெடித்துவிட்டாள். சம்பந்தியம்மா காரணம் கேட்க, அவள் மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

சம்பந்தியம்மா தட்டைக் கவிழ்த்து அந்தப் பிடியையே பார்த்தார்.

"மூணு முடிச்சும் போட்டாச்சு. இனிமே மூடியென்ன, சட்டியென்ன!" என்று அவரும் சிரிக்க ஆரம்பித்தார்.

சென்ற மாதம் செங்காங்கில் என் பேத்திக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் பளபளவென்று வெள்ளித் தட்டை நீட்டினார்கள். வாங்கிய வள்ளி, பழக்க தோஷத்தில் அதை உயரத் தூக்கி அடியில் பார்த்தாள். பின்னால் நின்ற எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் குனிந்து பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்னமோ ஏதோவென்று முழிக்க, என் பேத்தி சொன்னாள்: "பயப்படாதீங்க, எங்க குடும்ப வழக்கம் லா!"