முறைக்காய்ச்சல் சுவாமிகள்

அந்த வருஷம் மழை ஓய்ந்ததும் பவானிபூரில் குடியேறியிருந்த நம் தமிழர்களில் பாதிப் பேருக்கு மலேரியா. மீதிப் பேருக்கு பக்தி. இரண்டுக்கும் வைத்தியர் ஒருவரே: ஸ்ரீ ஜுரபந்தன சுவாமிகள்!

சுவாமிகள் கையில் ஒரு கறுப்புக் கயிற்றுக் கண்டு. கயிறு கட்டிய அன்று காய்ச்சல் எட்டிப் பார்க்காது. வாசலில் கும்பல் நெரிந்தது. முன்வரிசையில் பி.ஏ. படித்த ஆபீஸ்காரர்கள். படித்தவர்கள் எங்கே போனாலும் முன்வரிசைதானே!

எல்லோரிடமும் சுவாமிகளுக்கு ஒரே கேள்வி: "முறை எப்போ?" காய்ச்சல் நேற்று வந்தது என்றால் உடனே கயிறு. இன்றைக்குத்தான் என்றால், "வேளை சரியில்லை, நாளைக்கு வா." கயிறு கட்டிய மறுநாள் காய்ச்சல் வந்துவிட்டால்? டாக்டர் கொடுத்த கொயினா மருந்து சாப்பிட்டிருப்பாய்! கயிற்றுக்கும் கொயினாவுக்கும் ஆகாதாம்.

சணல் கம்பெனி ஹெட் கிளார்க் பட்டாபிராமன் இதை அப்படியே நம்பினார். அவர் மனைவி காமு மூன்று வாரமாகப் படுக்கையில் கிடந்தாள். டாக்டர் அனுப்பிய நர்ஸ் சாவித்ரி ஞாயிறு காலையில் வந்தபோது மருந்துப் புட்டி காலி; கயிறு கட்டப்போகிறோமே என்று முன்கூட்டியே கொட்டியாகிவிட்டது. சாவித்ரி சின்ன வயதில் தாலியறுத்தவள். அவள் எதிரே வந்தால் அபசகுனம். காய்ச்சல்காரியின் வேர்வையைத் துடைத்தால் மட்டும் பரவாயில்லை.

"கொயினாவை ஏன் கொட்டினேள்?"

"நேத்திக்கு ஜுரமே இல்லையே! ஜுரமில்லாத நாள்ல மருந்து எதுக்கு?"

"ஜுரம் இல்லேன்னா கிருமி இல்லேன்னு அர்த்தமா? ரத்தத்துக்குள்ளே பெருகிண்டே இருக்கு. ரெண்டு நாளைக்கு ஒரு தரம் வெடிச்சு வெளியே வரது. அப்போதான் குளிர் நடுக்கம். மண்ணீரல் எப்படி வீங்கியிருக்கு பாருங்கோ. இன்னும் நாலு முறை வந்தா இவ தாங்கமாட்டா."

பட்டாபிராமனுக்கு முகம் வெளுத்தது. "அப்போ சுவாமிகள் சொன்னது?"

"அவரையே இங்கே அழைச்சிண்டு வாங்கோ. ஒண்ணு மட்டும். முறை எப்போன்னு யாரும் வாயைத் திறக்கப்படாது."

சுவரில் தொங்கிய ஜுர அட்டையை அவள் திருப்பி மாட்டினாள்.

நடுப்பகலில் சுவாமிகள் கயிறு கட்டிய பக்தர் பரிவாரத்தோடு எழுந்தருளினார். காமு தலையணையில் சாய்ந்து பார்லிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள்.

"முறை எப்போ?"

"சுவாமிகளுக்குத் தெரியாததா? நீங்களே சொல்லுங்கோ" என்றாள் சாவித்ரி.

சுவாமிகள் காமுவின் நெற்றியைத் தொட்டார். சில்லென்றிருந்தது. திருமுகம் மலர்ந்தது. "நேத்திக்கு வந்துட்டுப் போயிருக்கு. என் கயிறு ஏறின கையை இன்னிக்கு எமனும் தொடமாட்டான்!"

கயிறு ஏறியது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சுவாமிகள் கிளம்பப் பார்த்தார். சாவித்ரி மணையைப் போட்டாள்.

"ரெண்டு மணி வரைக்கும் இருந்து மோர் சாப்பிட்டுட்டுப் போங்கோ."

மணி இரண்டு அடித்தது. காமுவின் பற்கள் தந்தியடித்தன. மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. கயிறு கட்டிய கைதான் அதிகமாக ஆடியது!

"கொயினா சாப்பிட்டிருக்கா!" என்று சுவாமிகள் அலறினார்.

"அதைத்தான் உம்ம பேச்சைக் கேட்டு என் கையாலேயே சாக்கடையிலே கொட்டினேனே, ஓய்!" பட்டாபிராமன் குரல் உடைந்தது.

சாவித்ரி அட்டையைத் திருப்பினாள். "திங்கள், புதன், வெள்ளி, மூணு நாளும் ரெண்டு மணிக்கு ஜுரம். இன்னிக்கு ஞாயிறு. கயிறு கட்டிண்டவா எல்லாரும் சொல்லுங்கோ. கட்டினதுக்கு முதல் நாள் யார் யாருக்கு ஜுரம்?"

கைகள் உயர்ந்தன. ஒவ்வொன்றிலும் கறுப்புக் கயிறு. சுவாமிகள் கொல்லைப்புறமாக மறைந்தார்.

சாவித்ரி புதுப் புட்டி வரவழைத்தாள். ஜுரமில்லாத நாளிலும் விடாமல் கொடுத்தாள். காமு முகத்தைச் சுளித்துக்கொண்டே பிழைத்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சந்தோஷம்.

ஆனால் அன்று ஒரு பி.ஏ. கேட்டாரே ஒரு கேள்வி: "கயித்தை அவுக்க எந்த நாள் நல்ல நாள்?"

ஐயா, காய்ச்சல்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். புத்தியைத் தினமும் உபயோகிக்கலாம். அதற்குப் பத்தியம் ஒன்றும் கிடையாது!