காலத்துரையைக் காட்டிக் கொடுத்தவர்

மலாயாவில், நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில் அவரிடம் முகத்தைக் கொடுத்துவிட்டு ஒரே மூச்சில் முழுச் சவரம் முடித்து எழுந்தவர் எவரும் கிடையாது. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சத்தியம் செய்வேன். ரந்தாவுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் அவருக்கு ‘அரைச்சவரம்’ என்றே பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் அடையாளக் கார்டில் இருந்திருக்கும். அதைப் படித்தவர்கள் போலீஸ்காரர்கள் மட்டும்தான்.

எல்லாவற்றுக்கும் காரணம் பாட்டு. அவர் பாட்டுக் கட்டுவார். கன்னத்தில் நுரையைப் பூசியதும் முதல் வரி வரும். கத்தி காதோரம் இறங்கும்போது இரண்டாவது வரி வரும். மூன்றாவது வரி சிக்கிக்கொண்டால் கத்தியை மடக்கிவிட்டு எழுந்து கித்தா மரங்களுக்குள் போய்விடுவார்.

ஒருமுறை, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் தலைமை மண்டோருக்கு மீசை ஒதுக்கிக்கொண்டிருந்தார். மண்டோர் மகளுக்கு அன்றைக்குப் பரிசம். இடது பக்கம் முடிந்திருந்தது, வலது பக்கம் புதராக நின்றது. அரைச்சவரம் எழுந்துவிட்டார்.

“யோவ், மீசைய முடிச்சிட்டுப் போயா!” என்று மண்டோர் கத்தினார்.

“இருங்கலா மண்டோரே! வரி விட்டா ஓடிப் போயிரும். மீசை எங்க ஓடப் போவுது?”

சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள், வரி வரவில்லை. மண்டோர் ஒரு பக்கம் மாப்பிள்ளையாகவும் மறுபக்கம் கொள்ளைக்காரராகவும் உட்கார்ந்து தாம்பூலம் மாற்றினார்.

ஆனாலும் யாரும் வேறு ஆளிடம் போகவில்லை. பாட்டு அப்படி. எதைப் பாடினாலும் பொழுது போகிறது, இருக்கும்போதே இருந்துகொள் என்பதில்தான் வந்து நிற்பார். பண்டிகைக்கென்று தகரப் பெட்டியில் பட்டுச் சேலையைப் பூட்டி வைக்கும் பெண்களுக்காக ஒரு பாட்டுக் கட்டினார்:

பெட்டியில பட்ட வச்சுப்
பூச்சிக்குத் தீனி போடுறியே
கட்டிக்கடி இன்னைக்கே – நாளயத்தான்
கண்டவுங்க யாரு புள்ளே?

மறுவாரம் சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை, விடிந்தும் விடியாத நேரம், ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். கையில் பால் வாளி, மரம் சீவும் உளி. உடம்பில் பட்டு! தோட்டத்துத் துரை கண்ணைக் கசக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் அப்போது தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி.

“இன்றைக்கு என்ன பண்டிகை?”

“நாலு வரிப் பாட்டு, சார்” என்றேன். வேறு என்ன சொல்ல?

அது வெள்ளைக்காரன் மலாயாவில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலம். காட்டில் ஒளிந்திருக்கும் அந்த ஆட்களுக்கு அரிசி போய்விடக்கூடாதென்று, நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் கேட்டில் சோதனை. மாலையில் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அந்த வேலிக்குள் உட்கார்ந்துதான் அரைச்சவரம் தம்முடைய பெரிய பாட்டைக் கட்டினார்:

காலத்தொரை வாராண்டி கம்பிவேலி தாண்டி
காவக்காரன் கண்ணுலதான் மண்ணத் தூவிக்கிட்டு
கூப்பிட்டாப் போகணும்டி குண்டாஞ்சட்டி விட்டு
கூத்தாடிச் சிரிச்சுக்கடி கூப்பிடுற மட்டும்

ஒரே வாரத்தில் தோட்டம் முழுக்க இதே பாட்டு. சோதனைக்கு நிற்கும் பெண்கள் காவல்காரனைப் பார்த்தே பாடினார்கள். காவல்காரனுக்கும் தமிழ் தெரியும். வேலி தாண்டி எவனோ வருகிறான் என்று மேலே சொல்லிவிட்டான்.

இரண்டு போலீஸ் லோரிகள் வந்தன. அரைச்சவரத்தைச் சவரப் பெட்டியோடு தோட்டத்து ஆபீசுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எதிரில் வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி. மொழிபெயர்க்க நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் ஆட்களைத் தடுப்புக் காவலில் போட்டுப் பிறகு கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிய காலம் அது.

“யார் இந்தக் காலத்துரை?” என்றார் அதிகாரி.

“காலந்தாங்க, தொரை” என்றார் அரைச்சவரம். “நேரம், பொழுது, வயசு, எல்லாம் அவன்தான்.”

நான் சொன்னேன். அதிகாரி நம்பவில்லை. “அவனோடு எத்தனை பேர்?”

“தனி ஆளு. வரும்போது ஒத்தையா வருவான், போகும்போது எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போவான்.”

 அதையும் அப்படியே சொன்னேன். அதிகாரி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

“எங்கே கூட்டிப் போவான்?”

அரைச்சவரம் கையை நீட்டினார். “அந்தா, சுடுகாட்டுக்கு.”

துப்பாக்கிக்காரர்கள் சுடுகாட்டுக்கு ஓடினார்கள். அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆட்டை மட்டும் பிடித்து வந்தார்கள்.

அதிகாரி மேசையைத் தட்டினார். “நீ அவனைக் கண்ணால் பார்த்திருக்கிறாயா?”

“தெனமும் பாக்கிறேன். தொரையும் பாக்கலாம்.” பெட்டியைத் திறந்து சவரக் கண்ணாடியை எடுத்து அதிகாரியின் முகத்துக்கு நேரே பிடித்தார். “காதோரம் பாருங்க. வந்து உக்காந்துட்டான்.”

அதிகாரிக்கு முப்பது வயதுகூட இருக்காது. காதோரம் ஒரு பிடி நரை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் அந்த நரையைத் தொட்டார். பிறகு, தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதுபோல, “இங்கே வந்தபோது இது இல்லை” என்றார்.

 பிடித்து வந்த ஆடு வெளியே கத்திற்று.

“அவரைப் போகச் சொல்” என்றார் அதிகாரி. “பாட்டிலிருந்து அந்த வேலியை மட்டும் எடுத்துவிடச் சொல்.”

அரைச்சவரம் நிமிர்ந்தார். “வேலிய நானா போட்டேன்? போட்டவங்க எடுக்கட்டும்.”

“சரி என்கிறார், சார்” என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகச் சிறந்த மொழிபெயர்ப்பு அதுதான்.

இருவரும் லயத்துக்குத் திரும்பி நடந்தோம். நான் இரண்டு தடவை ஆபீசைத் திரும்பிப் பார்த்தேன். தோட்டத்தில் எல்லாரும் என்னைக் கிராணி ஐயா என்பார்கள். அவர் ஒருவர்தான் தம்பி என்பார்.

“என்னா தம்பி, பயந்துட்டியா?”

“உங்களக் கப்பல்ல ஏத்திடுவாங்கன்னு நெனச்சேண்ணே. உங்களுக்குப் பயமே இல்லையா?”

அவர் சவரப் பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட இழுத்துப் போகப்பட்டு உயிரோடு திரும்பியவர் அவர் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர் பேசி ஒருவரும் கேட்டதில்லை.

“சயாம்ல எந்தம்பியும் என்கூட இருந்தான்” என்றார். “காச்சல்ல கெடந்தான். ஒரு நா காலைல கண்ண முழிச்சு, ‘இன்னைக்கு வெயிலு நல்லாருக்குண்ணே’ன்னு சிரிச்சான். மத்தியானம் போயிட்டான். எனக்கு அழுவத் தெரியல. அவன் சொன்ன அந்த ஒண்ணத்தான் திருப்பித் திருப்பிப் பாடிக்கிட்டே அவனுக்குப் பள்ளம் தோண்டினேன். அதான் நான் கட்டின மொதப் பாட்டு.”

“அதை நாங்க கேட்டதே இல்லையேண்ணே.”

“பாடுறதில்ல தம்பி. ஒத்த ஆளாப் பாட முடியல.”

சாயங்கால வெயில் மரங்களுக்கு நடுவே சாய்ந்திருந்தது. அவர் செம்மண் பாதையைப் பார்த்துக்கொண்டே அந்தப் பாட்டை மெதுவாக ஆரம்பித்தார். எனக்குப் பாட வராது. என் குரலைக் கேட்டால் வீட்டில் பால் குடிக்கும் பிள்ளைகூட அழும். அன்றைக்கு, லயம் வரும் வரைக்கும், அவரோடு சேர்ந்து பாடினேன்.