இல்லாத நாட்டின் நான்காம் நம்பர் கார்

1997-ஆம் வருஷம் ஜூன் மாதம் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, ஹூஸ்டனில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவந்த கோபிசெட்டிபாளையம் மயில்சாமி, தயிர்சாத டப்பாவுடன் புறப்பட்டு வெளிநாடு போய், சாயங்காலம் காபி நேரத்துக்குள் திரும்பி வந்தார். வெளிநாடு போய்வந்த விஷயம் அவருக்கே தெரியாது.

போன காரியம் சாதாரணமானது. மனைவி கலாவதி டிரைவிங் டெஸ்டில் பாஸாகிவிட்டார். ஊரில் வேலை பார்த்து, கை நிறையச் சம்பளம் வாங்கிய மனுஷி அவர். இங்கே வந்த நாளிலிருந்து டிபெண்டன்ட் விசாவில் வீட்டோடு இருக்கிறார். கிரீன் கார்டு வந்தால்தான் வேலைக்குப் போகலாம். கிரீன் கார்டு அப்ளிகேஷன் குடியேற்ற அலுவலகத்தில் ஏதோ ஒரு அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. அது கண் விழிக்கிற வரைக்கும் ஓட்டிப் பழகட்டும் என்று ஒரு பழைய கார் வாங்க நினைத்தார் மயில்சாமி. பேப்பரில் விளம்பரம் பார்த்தார். ஹூஸ்டனுக்கு மேற்கே இரண்டு மணி நேரம், ஒரு பண்ணை. ஹூஸ்டனில் நம்மவர் கடைகள் நிறைந்த ஹில்கிராஃப்டில் மளிகைக் கடை வைத்திருந்த நூர் முகம்மது பாய், அதே பக்கம் ஆடு வாங்கப் போனவர், பண்ணை வாசலில் அவரை இறக்கிவிட்டுப் போனார்.

வாசலில் பெரிய கொடி ஒன்று பறந்தது. அமெரிக்காவில் கார் விற்கிற இடத்திலெல்லாம் கொடி பறக்கும் என்பதால் மயில்சாமிக்கு அதில் சந்தேகம் வரவில்லை. தகரக் கொட்டகையில் மேஜை போட்டு, தொப்பி வைத்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பெயர் லெஸ்டர். வணக்கம் சொல்வதற்கு முன்பே கையை நீட்டி, "பாஸ்போர்ட்" என்றார்.

வேறு நாட்டுக்காரனாக இருந்தால், பழைய கார் வாங்க எதற்கு ஐயா பாஸ்போர்ட் என்று கேட்டிருப்பான். நம்மவர் கேட்க மாட்டார். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒருவர் கையை நீட்டினால் நாம் அதில் பாஸ்போர்ட்டை வைப்போம். இன்னொரு கையையும் நீட்டினால் மூன்று ஜெராக்ஸ் காப்பி வைப்போம். மயில்சாமி எங்கே போனாலும் ஒரிஜினல் ஃபைலோடுதான் போவார், மீன் வாங்கப் போனாலும் சரி. லெஸ்டர் அதில் 'வருகை' என்று ஒரு சீல் குத்தினார். காரைக் காட்டினார். மயில்சாமி ஓட்டிப் பார்த்தார், பிடித்திருந்தது. புறப்படும்போது 'புறப்பாடு' என்று இன்னொரு சீல் விழுந்தது.

உரிமைப் பத்திரத்தைப் பார்த்ததும் மயில்சாமிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அவருடைய முதல் காருக்கு டெக்ஸாஸ் சர்க்கார் கொடுத்த பத்திரம் மளிகைக் கடை ரசீது மாதிரி இருக்கும். இதுவோ கெட்டியான காகிதம், ஐந்து சீல், சிவப்பு ரிப்பன். இத்தனை சீல் உள்ள ஒரு காகிதம் தப்பாக இருக்க முடியாது என்பது அவர் பிறந்த மண்ணின் நம்பிக்கை. நம்பர் பிளேட்டில் 'இரட்டை ஓடைக் குடியரசு' என்று எழுதி, கீழே 4 என்று போட்டிருந்தது. ஏதோ பண்ணைக்காரர் சங்கம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

சங்கமில்லை, தேசம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மதகு விஷயமாகக் கவுண்டி என்கிற ஜில்லா நிர்வாகத்தோடு தகராறு வந்து, லெஸ்டர் தமது எண்பது ஏக்கரையும் சுதந்திர நாடாகப் பிரகடனம் செய்திருந்தார். அவரே ஜனாதிபதி. பிரஜைகள் இரண்டு பேர். மற்றவர் அவர் மனைவி, எதிர்க்கட்சி. மொத்த வாகனங்கள் நான்கு. உலகத்தில் எந்த நாடும் அந்த நாட்டை அங்கீகரிக்கவில்லை. மேற்படி எதிர்க்கட்சியும் அங்கீகரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஃப்ரீவேயில் போலீஸ்காரர் ஒருவர் மயில்சாமியை ஓரங்கட்டினார். பிளேட்டை முன்னாலிருந்து பார்த்தார், பின்னாலிருந்து பார்த்தார். தம் புத்தகத்தைப் புரட்டினார். ஐம்பது மாநிலத்திலும் இல்லை. மயில்சாமி ரிப்பனோடு பத்திரத்தை நீட்ட, அதை வாங்கி வெகு மரியாதையாகப் படித்துவிட்டு, ஒரு அபராதச் சீட்டு கொடுத்து, கவுண்டி அலுவலகத்தில் போய்ப் பதிந்துகொள்ளச் சொன்னார்.

கவுண்டி அலுவலகத்து அம்மாள் நல்ல மாதிரி. கார் கடைசியாக எந்த மாநிலத்தில் பதிவாகியிருந்தது என்று கேட்டார். மாநிலமில்லை என்றார் மயில்சாமி. அப்படியானால் எந்த நாடு என்று கேட்டு, பட்டியலில் விரல் வைத்துத் தேடினார். இரண்டு தடவை தேடினார்.

"இந்த நாடு என் பட்டியலில் இல்லை. அப்படியானால் உங்கள் கார் எங்கிருந்தும் வரவில்லை" என்றார்.

"மேடம், கார் வெளியே நிக்குது."

"இருக்கலாம். ஆனால் எங்கிருந்தும் வராத காரை நான் பதிய முடியாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தேன் என்று மேலிடத்துப் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுங்கள், நானே அனுப்புகிறேன். அவர்கள் ஒப்புக்கொண்டால் எனக்கு ஆட்சேபமில்லை."

படிவம் பதினொரு பக்கம். அதை நூர் முகம்மது பாயிடம் காட்டினார். ஹில்கிராஃப்டில் விசா, பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் எதுவானாலும் பாயைக் கேட்காமல் யாரும் பேனாவைத் திறக்க மாட்டார்கள். அவருடைய உபதேசம் ஒன்றே ஒன்று, எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. அப்படியே காலியில்லாமல் நிரப்பினார்கள். புறப்பட்ட நாடு: இரட்டை ஓடைக் குடியரசு. அமெரிக்காவுக்குள் நுழைந்த தேதி: ஜூன் 14. நுழைந்த விதம்: காரில். ஆதாரம்: பாஸ்போர்ட் பக்கத்தின் நகல், மூன்று பிரதி. இவ்வளவு லட்சணமான படிவத்தை அந்த அலுவலகம் கண்டிருக்காது.

மேலிடத்துக்குப் போன படிவம் மேஜை மேஜையாக நகர்ந்து, ஒரு மாதத்தில் குடியேற்ற அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கிரீன் கார்டு நேர்காணல்தான் என்று நினைத்துக் கலாவதி பட்டுப்புடவையில் வந்திருந்தார். அதிகாரி ஃபைலை மூடி வைத்துக்கொண்டு பேசினார். கிரீன் கார்டு அப்ளிகேஷன் நிலுவையில் இருக்கையில் முன்அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போனால், அப்ளிகேஷனைக் கைவிட்டதாக அர்த்தம். தாங்கள் ஜூன் 14 அன்று வெளியே போயிருக்கிறீர்கள். ஆகவே தங்கள் அப்ளிகேஷன் முடிந்தது.

மயில்சாமி நாற்காலியின் நுனிக்கு வந்தார். "சார், அது நாடே இல்லைங்க. அமெரிக்கா அதை அங்கீகாரம் பண்ணலைங்களே."

"அங்கீகாரம் வேறு துறை. எங்கள் விதி, நீங்கள் வெளியே போனீர்களா என்றுதான் கேட்கிறது. உள்ளே வந்தார் என்று ஒரு அந்நிய அரசாங்கம் சீல் குத்தியிருக்கிறது. நீங்களும் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்."

"அரசாங்கமா? ஒரே ஒரு ஆளு சார், தகரக் கொட்டாய்."

"அந்நிய அரசாங்கங்களின் கட்டடங்களைப் பற்றி நாங்கள் கருத்துச் சொல்வதில்லை."

கலாவதி, அப்படி ஒரு நாடு இல்லை என்று நிரூபித்தால் போதுமா என்று கேட்டார். போதும், ஆனால் உரிய அதிகாரியிடமிருந்து எழுத்தில் வர வேண்டும் என்றார் அதிகாரி. வெளியுறவு அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார்கள். இல்லாத நாடுகள் சம்பந்தமாகத் தங்களிடம் பதிவேடு எதுவும் பராமரிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது, ஒரு நாட்டைப் பற்றி அதிகாரபூர்வமாகச் சொல்லக்கூடிய உரிய அதிகாரி அந்த நாட்டின் அரசாங்கம்தானே என்று சொல்லி, குடியேற்ற அலுவலகமே ஒரு கடிதம் தட்டச்சு செய்து கொடுத்தது. 'பெறுநர்: இரட்டை ஓடைக் குடியரசின் மாட்சிமை தங்கிய அரசாங்கம். பொருள்: தங்கள் நாடு இல்லை என்பதற்குச் சான்று கோருதல்.'

கடிதம் வாங்கிவந்த அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. கலாவதி கட்டிப்போன புடவையைக்கூட மாற்றாமல் சோபாவில் உட்கார்ந்து அழுதார். "அஞ்சு வருசமா இதுக்குத்தானுங்க காத்துக்கிட்டிருந்தேன். கார் எனக்கோசரம் வாங்கப் போயி இப்படி ஆயிருச்சே" என்றார். மயில்சாமிக்கு அது பொறுக்கவில்லை. மறுநாளே கிளம்பினார்கள். மறுபடியும் உள்ளே கால் வைத்துத் தொலைத்துவிடாதே, கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்று பேசு என்று போனில் எச்சரித்தார் பாய்.

அப்படியே அமெரிக்க மண்ணில் நின்றுகொண்டு, கேட்டுக்கு மேலாகக் கடிதத்தை நீட்டினார்கள். லெஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். கோபிக்கப் போகிறார் என்று மயில்சாமி இரண்டடி பின்னால் நகர்ந்தார். அந்த மனுஷர் கோபிக்கவில்லை, கண் கலங்கினார். மூன்று வருஷமாக உலகத்திலுள்ள எல்லா அரசாங்கங்களுக்கும் எழுதியிருக்கிறார், ஒருத்தரும் பதில் போட்டதில்லை. இதோ, அமெரிக்க அரசாங்கமே மாட்சிமை தங்கிய என்று விளித்து எழுதியிருக்கிறது. அதை ஃபிரேம் போட்டுக் கொட்டகையில் மாட்டினார். அந்த சந்தோஷத்தில் சான்றிதழும் எழுதிக் கொடுத்தார்: 'இரட்டை ஓடைக் குடியரசு என்றொரு நாடு எக்காலத்திலும் இருந்ததில்லை, தற்போதும் இல்லை என்று இக்குடியரசின் அரசாங்கம் இதன்மூலம் உறுதி கூறுகிறது.' ஐந்து சீல், சிவப்பு ரிப்பன்.

அதிகாரி அந்தச் சீலையும் பாஸ்போர்ட்டிலுள்ள சீலையும் பூதக்கண்ணாடி வைத்து ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றுதான், சான்றிதழ் உண்மையானதுதான் என்று திருப்தியடைந்தார். அப்ளிகேஷன் உயிர் பெற்றது. பழைய இடத்திலேயே வரிசையில் வைத்திருப்பதாகச் சொன்னார். வரிசை எவ்வளவு நீளம் என்று கலாவதி கேட்டார். மற்ற நாட்டுக்காரர்களுக்குச் சீக்கிரம் ஆகிவிடும், இந்தியாவில் பிறந்தவர்களுக்கு மட்டும் தனி வரிசை, எத்தனை வருஷம் என்று சொல்வதற்கில்லை என்று பதில் கிடைத்தது.

காரையும் சொல்லிவிட வேண்டும். இல்லாத நாட்டின் கார் ஃப்ரீவேயில் போயிருக்க முடியாது என்பதால் அபராதம் ரத்தாயிற்று. அதே காரணத்தால் பதிவும் கிடையாது. பிளேட் அப்படியே இருந்தது. கலாவதிதான் ஓட்டினார். போலீஸ் நிறுத்தினால் சான்றிதழ் நகலைக் காட்டுவார். அவர்கள் அதைப் படித்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு விட்டுவிடுவார்கள்.

கலாவதி இனிமேல் காத்திருக்கத் தயாராயில்லை. டிபெண்டன்ட் விசாவில் அமெரிக்காவிலே வேலை செய்யக்கூடாது, சரி. அமெரிக்காவுக்கு வெளியே போய்ச் செய்தால் நாட்டைவிட்டுப் போனதாகிவிடும், அதுவும் சரி. இல்லாத இடத்தில் செய்தால் அது எந்தச் சட்டத்திலே வரும்? நாடு இல்லை என்பதற்கு அரசாங்க ஃபைலிலேயே அத்தாட்சி இருக்கிறது. காரை எடுத்துக்கொண்டு லெஸ்டரிடம் போய் வேலை கேட்டார். முன் அனுபவம் என்ன என்று கேட்டார் ஜனாதிபதி. கோபி தாலுகா ஆபீஸில் நான்கு வருஷம் என்றார் கலாவதி. அன்றைக்கே குடியேற்றத் துறை அதிகாரியாக நியமனம் ஆயிற்று.

செய்தி ஹில்கிராஃப்ட் முழுக்கப் பரவியது. அங்கே ஒரே நாளில் பிரஜை ஆகலாமாம், ரிப்பனோடு பேப்பர் தருகிறார்களாம். அந்தப் பேப்பரால் என்ன பிரயோஜனம் என்று யாரும் கேட்கவில்லை. கிடைக்கிற பேப்பரை எதற்கு விடுவது? ஆயிரம் மைலுக்கு அப்பால் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து ஃப்ளைட் பிடித்து வந்தவர்கூட உண்டு.

மயில்சாமி ஒரு சனிக்கிழமை, மனைவி இருட்டில் தனியாக ஓட்டி வர வேண்டாமென்று, பாயின் வண்டியில் அவரைக் கூட்டி வரப் போனார். கேட்டில் இரண்டு வரிசைக்குக் கயிறு கட்டியிருந்தது. ஒன்றில் நாற்பது பேர் ஃபைலும் கையுமாக வெயிலில் நின்றார்கள். இன்னொன்றில் ஒருத்தருமில்லை. காலியான வரிசை வழியாக நேரே போய் ஜன்னலில் நின்றார். உள்ளே கலாவதி நிமிராமல் கையை நீட்டினார்.

"கலா, நாந்தான். கூட்டிட்டுப் போக வந்தேன்."

"இது மத்த நாட்டுக்காரங்க வரிசைங்க. இந்தியாவுல பொறந்தவங்க அந்தப் பக்கம் நிக்கோணும்."

"மத்த நாட்டுக்காரங்கதான் ஒருத்தரும் வரலையே. அப்புறம் எதுக்கு ரெண்டு வரிசை?"

கலாவதி சீலைக் கீழே வைத்துவிட்டு, கோபியில் மனுக்காரர்களைப் பார்த்த அதே பார்வையைக் கணவர் மேலும் வைத்தார். "ரெண்டு வரிசை இருந்தாத்தானுங்க இது ஒரு நாடு."

வெயிலில் நின்ற நாற்பது பேருக்கும் அது காதில் விழுந்தது. நம்பிக்கையான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். மயில்சாமி நாற்பத்தோராவது ஆளாகப் போய் நின்றார்.