மெய்நிகர் கோயிலைப் பற்றிக் கேட்டதற்குச் சாமி சிரித்த விவரம்

தைனான்

அன்புள்ள வெய்-ஷுன் அண்ணாவுக்கு,

பெய்-லான் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். தைபேயில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நாங்களாகவே நம்பிக்கொள்கிறோம். வேலையை விட்டுவிட்டு நீ கணினிக்குள் கட்டிய நம் தெரு நிலத்துச்சாமி கோயிலுக்குச் சாமியிடம் சம்மதம் கேட்கச் சொல்லியிருந்தாய். சாமி சம்மதித்தால் அப்பாவும் உன்னோடு மறுபடி பேசுவார் என்பது உன் கணக்கு. நடந்ததைச் சொல்கிறேன்.

நீ அனுப்பிய மெய்நிகர் கண்ணாடியைக் கோயில் கமிட்டியில் ஆளுக்கொரு முறை மாட்டிப் பார்த்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் நேராகக் கோயில் கூரைமேல் ஏறி நின்று, "இவ்ளோதானா? பறக்க முடியாதா?" என்றார்கள். ஊதுவத்திக் கடை லியாவ் மாமா, "புகையே இல்லியே, வேண்டுதல் சாமிக்கு எப்படிப் போய்ச் சேரும்?" என்று கவலைப்பட்டார், கவலை முழுக்கச் சாமிக்காகத்தான் என்று சொல்ல முடியாது. மீன் உருண்டைக் கடை சியூ அக்காவுக்குப் பிடித்துவிட்டது. "முட்டி வலிக்காம கும்பிடலாம்டி" என்றவர், கும்பிட்ட வேகத்தில் நிஜப் படையல் மேசையில் நெற்றியை இடித்துக்கொண்டார். அப்பா மட்டும் கண்ணாடியைத் தொடவில்லை. கமிட்டித் தலைவராக ஒரே கேள்வி கேட்டார்: "அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கிற ஊர்லயும் மண்ணுன்னு இருந்தா, அதுக்கு ஏற்கெனவே ஒரு நிலத்துச்சாமி இருப்பாரே. அவரைக் கேக்காம நம்மவர் எப்படிப் போய் உக்காருவாரு?" அதோடு சண்டை தொடங்கிற்று. "அங்க மண்ணே கிடையாது மாமா" என்று ஒரு மாணவி சொல்ல, "மண்ணே இல்லாத எடத்துல நிலத்துச்சாமிக்கு என்ன வேலை?" என்று லியாவ் மாமா பாய, சியூ அக்கா நெற்றியில் ஐஸை அழுத்தியபடி, "யோவ், உமக்கு ஊதுவத்தி விக்கணும், அவ்ளோதானே" என்று திருப்ப, சரி, சாமியையே கேட்போம் என்று அப்பா பிறைக்கட்டைகளைப் போட்டார். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சம்மதம். இரண்டும் மல்லாந்து ஆடின. அப்படியென்றால் சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம். கேள்வியை மாற்றிக் கேட்டார்கள், மறுபடியும் சிரிப்பு. "பையன் பொழப்பைப் பாத்து சாமியே சிரிக்குது" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, அப்பா கட்டைகளை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஆகவே கோயில் இப்போதைக்கு இல்லை. புத்தாண்டுக்கு நீ வரவேண்டாம். வந்தால் நீங்கள் இருவரும் மௌனமாக மீன் சாப்பிடுவீர்கள்; நடுவில் நான் உட்கார வேண்டியிருக்கும். மண் இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் சாமி உன்னைக் காக்கட்டும்.

உன் தங்கை,
பெய்-லான்

பி.கு.: உறையை எடுக்கக் கூடத்துக்குப் போனேன். அப்பா அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஃபிரிட்ஜைப் பார்த்து முழங்காலிட்டுக் கொண்டிருக்கிறார். "கோயில் வாசப்படி ரொம்ப ஒசரம். வயசானவங்க எப்படித் தாண்டுவாங்க? அவனை வந்து சரிபண்ணச் சொல்லு" என்றார். தைபேயில் இருந்தபடியே சரிசெய்யலாம் என்று விளக்கினேன்.

"அதெல்லாம் முடியாது. நேர்ல வந்து பண்ணச் சொல்லு."