இரவல் தாய்

“அம்மா எங்கே?” என்று கேட்டார் அதிகாரி.

“போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு சார்” என்றார் கோழிக்காரர், குரலைத் தாழ்த்தி.

“உங்க அம்மாவைக் கேட்கலை. இந்தக் குட்டிங்களோட அம்மா.”

அட்டைப் பெட்டிக்குள் நான்கு நாய்க்குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. வெளியே மழை விடவில்லை. சுவரெல்லாம் ஈரம் ஏறிய அந்த முன்னறையில் கோழிக்காரருக்கு மட்டும் வியர்த்தது.

அவரிடம் இப்போது கோழி ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஒரே வாரத்தில் சீக்கு வந்து செத்தன. பிறகு வண்ணமீன் விற்றார். தொட்டி உடைந்து கூடம் குளமானது. கோழிக்காரர் என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மூன்றாவதாக நாய்க்குட்டி. “இதுவும் ஊத்திக்கிச்சுன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்” என்று மனைவி சொல்லியிருந்தாள். கத்திச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. நிதானமாகச் சொன்னாள்.

“நாய் விக்க லைசென்ஸ் வேணும். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாய்கிட்டேருந்து பிரிக்கக் கூடாது. வாங்க வர்றவங்களுக்குத் தாயோட சேர்த்துத்தான் காட்டணும். வெளியே வாங்கி விக்கவே கூடாது. தெரியுமில்ல?”

“தெரியாம என்ன சார்” என்றார், எதுவும் தெரியாமலே. “தாய் வாக்கிங் போயிருக்கு.”

“யாரோட?”

“என் சம்சாரத்தோட.”

நேரம் பார்த்து மனைவி கையில் கரண்டியோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அது... காலையில இவகூடப் போச்சு. இப்ப மச்சான்கூட.”

அதிகாரி பேனாவை மூடினார். “சாயங்காலம் வர்றேன். தாய் இருக்கணும். இல்லேன்னா குட்டிங்களை எடுத்துட்டுப் போயிடுவேன். லைசென்ஸை நீங்க மறந்துடலாம்.”

அவர் போனதும் மனைவி பெட்டியருகே உட்கார்ந்தாள். கடைசிக் குட்டி நேற்றிலிருந்து புட்டிப் பாலைத் தொடவில்லை. அதை முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏங்க, குட்டிங்களை வித்த அந்த புரோக்கர்கிட்டயே தாயைக் கேளுங்களேன்.”

“போன் எடுக்க மாட்டேங்கறான்.”

“வாங்கும்போதே எங்கேருந்து வந்ததுன்னு கேட்டீங்களா?”

“வீட்டுல வளர்ந்த குட்டின்னான்.”

“யார் வீட்டுல?”

அதை அவர் கேட்கவில்லை. கேட்டால் விலை ஏறுமோ என்ற பயம்.

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எதிர்க் கட்டிடத்து வாட்ச்மேனைக் கெஞ்சி அவன் நாயைக் கூட்டி வந்தார். அது நேராகச் சமையலறைக்குப் போய்க் குட்டிகளுக்குக் காய்ச்சி வைத்திருந்த பாலை நக்கிக் குடித்துவிட்டு, கதவருகே காலைத் தூக்கியது.

“இது அப்பாங்க” என்றாள் மனைவி.

பாலும் போச்சு, நேரமும் போச்சு. மறுபடி மழையில் இறங்கினார். அப்போதுதான் அடுத்த தெருவில் அவர் சட்டைகளைத் தேய்க்கக் கொடுக்கும் இஸ்திரிக்கார அம்மாவின் நினைவு வந்தது. அவள் வண்டிக்கு அடியில் ஒரு பழுப்பு நாய் எப்போதும் படுத்திருக்கும். இன்றும் படுத்திருந்தது. குனிந்து பார்த்தார். மடி கனத்துத் தொங்கியது. கும்பிடாத குறை.

“அம்மா, உங்க நாயை ஒரு மணி நேரம் தர்றீங்களா? வீட்டுல சின்ன வேலை.”

“கூட்டிட்டுப் போங்கண்ணே. நாலு இடம் சுத்தினாலாவது தேறுதா பார்ப்போம். கொஞ்ச நாளா சோறும் திங்கல, தூங்கவும் மாட்டேங்குது. அதுக்கு என்ன ஆச்சுன்னா...”

“அந்தக் கதையை அப்புறம் சொல்லுங்கம்மா, அவசரம்.”

பாதித் தூரம் நாய் பிணம் மாதிரி கனத்தது, இழுத்துத்தான் வரவேண்டியிருந்தது. அவர் தெரு முனை திரும்பியதும் என்ன நினைத்ததோ, மூக்கைத் தூக்கியது. பிறகு அவரை அது இழுத்தது. சேற்றில் செருப்பு ஒன்று போயிற்று. தன் வீட்டுக்கு வர இவ்வளவு ஆசைப்பட்ட ஜீவனை அவர் இதுவரை பார்த்ததில்லை, பெருமையாகக்கூட இருந்தது.

அதிகாரி முன்னறையில் தயாராக உட்கார்ந்திருந்தார்.

நாய் அவரைத் தாண்டிப் பாய்ந்தது. பெட்டியைக் கவிழ்த்து, குட்டிகளை ஒவ்வொன்றாக நக்கி, முனகி, அப்படியே சரிந்து படுத்தது. மூன்றும் முட்டி மோதிக் குடித்தன. மனைவி மடியிலிருந்ததைக் கொண்டுபோய் வைத்தாள். அதுவும் கவ்விக்கொண்டது.

“ஏங்க,” என்று கிசுகிசுத்தாள், கண்ணைத் துடைத்தபடி, “இவ்வளவு நல்லாவா நடிக்கும்?”

“நான் கூட்டிட்டு வந்த நாயாச்சே.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எத்தனையோ வீட்டுல ஏதோ ஒரு நாயைக் கட்டி வெச்சு ஏமாத்தப் பார்ப்பாங்க. இது அசல் தாய்தான். சத்தியமே பண்ணுவேன்.”

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கோழிக்காரருக்குத் தைரியம் தலைக்கேறிவிட்டது. “பின்னே? இந்த அறையிலதான் சார் பொறந்துச்சுங்க. ராத்திரி முழுக்க நான்தான் பிரசவம் பார்த்தேன். ஒரு நாள்கூடத் தாயை விட்டுப் பிரிச்சதில்ல.”

“அப்படியே எழுதிக்கட்டுமா?”

“தாராளமா எழுதுங்க!”

அதிகாரி எழுதினார்; கோழிக்காரர் கையெழுத்துப் போட்டார். அண்ணன் வீட்டுப் பேச்சு இனி இல்லை என்று மனம் லேசானது. மனைவி சிரித்து எத்தனை காலமாயிற்று! அவள் அவசரமாகக் காப்பி கலக்க எழுந்தாள்.

வாசலில் செருப்புச் சத்தம். மடித்த சட்டைகளைப் பிளாஸ்டிக் பையில் மூடிக்கொண்டு, இஸ்திரிக்கார அம்மா நாயைத் திரும்பக் கூட்டிப்போக வந்திருந்தாள். உள்ளே பார்த்தவள் அப்படியே நின்றாள். கையிலிருந்த சட்டைகள் ஈரத் தரையில் விழுந்தன. கண்ணில் நீர் முட்ட, கோழிக்காரரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள்.

“திருடு போன என் நாலு குட்டியையும் கண்டுபிடிச்சுட்டுத்தான் தாயைக் கூப்பிட வந்தீங்களாண்ணே? இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா!”