மாமாவின் அறுபதாம் கல்யாணத்தில் நான் பிரித்த சொத்து

இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தவனை ஆறு மாதத்துக்கு எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குள்ளும் விடக்கூடாது. அப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் நான் இன்று கொஞ்சம் மரியாதையோடு நடமாடிக்கொண்டிருப்பேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் வேலை. உயில் எழுதுவது, சொத்தைத் திட்டமிட்டுப் பிரிப்பது பற்றி ஏசி அறையில் இரண்டு நாள் பாடம் எடுத்து, ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். (பாதி நேரம் தூங்கினேன். மீதி நேரம் சமோசா.) மறுநாளே ‘சொத்துத் திட்ட ஆலோசகர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துவிட்டேன். ஆலோசனை கேட்கத்தான் ஓர் ஈ காக்கைகூட வரவில்லை. அந்தத் தலையெழுத்து என் தாய்மாமாவுக்கு வாய்த்தது.

மாமாவுக்கு மாட்டுத்தாவணியில் மல்லிகைப் பூ மொத்த வியாபாரம். விளாங்குடியில் சொந்த வீடு. மகன் பாண்டி கடையைப் பார்த்துக்கொண்டான். மகள் கவிதாவை எனக்குப் பேசி முடித்து, தை மாதம் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள். ஐந்து மாதம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அது முடியவில்லை.

‘குடும்பத்தார் எல்லோரும் கூடியிருக்கும்போது வெளிப்படையாக அறிவியுங்கள்’ என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எல்லோரும் கூடப்போவது மாமாவின் அறுபதாம் கல்யாணத்தில். ஒரு மனிதர் நூறாண்டு வாழட்டும் என்று மந்திரம் சொல்கிற மண்டபத்தில், அவர் செத்த பிறகு யாருக்கு என்ன என்று சொல்லலாம் என நினைத்தேன். என் தலைக்குள் அப்போது என்ன இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. (இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டுமாம்.) நானே ஒரு பேனர் தயார் செய்தேன்: மேலே அவர் படம். ‘திரு. சோலைராஜ் அவர்களின் மறைவுக்குப் பிறகு’ என்று தலைப்பு. கீழே அம்புக்குறி போட்டு, கடை பாண்டிக்கு, வீடு கவிதாவுக்கு. இதை வாட்ஸப்பில் பிளெக்ஸ் கடைக்கு அனுப்பி, மண்டபத்தில் கட்டிவிடச் சொன்னேன்.

பிளெக்ஸ் கடைக்காரர் தொழில் தெரிந்தவர். பெரிய மனிதர் படமும் ‘மறைவு’ என்ற சொல்லும் சேர்ந்து வந்தால் மதுரையில் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். படத்துக்கு மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மூலையில் கண்ணீர் வடிக்கும் ஒற்றைக் கண். என் அம்புக்குறிகளையும் விடாமல் அச்சடித்து, விடியற்காலையில் மண்டப வாசலில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

வாடிப்பட்டியிலிருந்து வந்த மாமாவின் தங்கை முறைக்காரர் ஒருவர் ஆட்டோவிலிருந்து இறங்கியதும், “போயிட்டியே அண்ணே” என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் கணவர் உடனே, அது மாமாவின் கடை என்று தெரியாமலே, மாட்டுத்தாவணி பூக்கடை ஒன்றுக்குப் போன் போட்டார். விசேஷத்துக்குப் பூ எடுக்கப் போயிருந்த பாண்டிதான் எடுத்தான்.

“சாவுக்குப் பெரிய மாலையா ஒண்ணு வேணும்ப்பா.”

“யாருக்குண்ணே?”

“விளாங்குடி சோலைராஜுக்கு.”

பாண்டி பைக்கில் எப்படி வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. பட்டு வேட்டியோடு வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்து அழுதான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் நான் செய்தது எனக்கே உறைத்தது. வெட்கமாக இருந்தது. ஓடிவிடலாமா என்றும் இருந்தது.

மாமா பிளெக்ஸை நிதானமாக வாசித்தார். “எல்லாம் சரி மாப்ள. நான் என்னைக்குப் போகணும்னு தேதி போடலையே” என்றார்.

பாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்புக்குறிகளைப் பார்த்தான். “வீட்ட நீங்க எடுத்துக்கிட்டீகளா மச்சான்? இன்னும் தாலியே கட்டல.”

கூட்டம் என்னைப் பார்த்தது. கடையைப் பார்ப்பவனுக்குக் கடை, அதனால் மகளுக்கு வீடு என்று நான் விளக்கத் தொடங்கினேன். (சான்றிதழ் சட்டைப்பையில் இருந்தது.) அத்தை மெதுவாகக் கேட்டார்: “இதுல என் பேரு எங்கப்பா இருக்கு? அவருக்குப் பெறகு நான் எங்க போய் இருக்க?”

நாற்பது வருஷமாக அந்த வீட்டில் உலை வைத்த மனுஷியை நான் மறந்தேபோயிருந்தேன்.

“தைக்கு இன்னும் நாள் இருக்கு. யோசிப்போம்” என்று மாமா உள்ளே போய்விட்டார்.

அந்தத் தை போய், அடுத்த தையும் போனது. “கிறுக்குப் பயதான், ஆனா களவாணிப் பய இல்ல” என்று கவிதா விடாமல் வாதாடியதால் ஒருவழியாகக் கல்யாணம் நடந்தது. பிறகு மாமா ஒரு வக்கீலிடம் முறைப்படி உயில் எழுதினார். அத்தை காலம்வரை வீடு அத்தைக்கு, அதன்பின் பிள்ளைகள் இருவருக்கும் சரிபாதி. எல்லாம் ஒரே பக்கம்.

யாருடைய தூண்டுதலும் இல்லாமல் எழுதுவதாக உயிலில் வழக்கமாக ஒரு வரி வரும். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று வக்கீல் எவ்வளவோ சொன்னாராம், மாமா கேட்கவில்லை. இன்றும் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் பந்தி முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பதிவு செய்த அந்த உயிலை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பார்: “யாருடைய தூண்டுதலும் இல்லாமல், குறிப்பாக என் மருமகன் செந்திலிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், பூரண சுயநினைவோடு எழுதிவைப்பது...”