நாயைத் தேடி வந்தேன்

"வெள்ளையனைக் காணோம்," என்றார் தம்பிராஜா.

"எங்க போயிருக்கும்னு தெரியாத மாதிரி கேக்கிறீங்க," என்றாள் அஞ்சலை, அடுப்படியிலிருந்தே.

தெரியும். காஜா பேராங் சாலையில் எல்லோருக்கும் தெரியும். அதே சாலையின் மறுகோடியில் பீவியம்மா வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருக்கும். பீவியம்மாவின் மகன் ஷரீஃபுதீனைத்தான் தம்பிராஜாவின் ஒரே மகள் சீதா கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு நூர்ஜஹான் ஆகிவிட்டாள். அன்றைக்கே தம்பிராஜா, "எனக்கு மகளே இல்லை. அந்த வீட்டுப் படியை மிதிக்க மாட்டேன், ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்," என்று சபதம் போட்டார். அரசாங்க ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி அவர்; எழுதியதை அடித்துத் திருத்திப் பழக்கமில்லாத மனுஷர். அவருக்குத் தெரிந்து வீட்டில் யாரும் சபதத்தை மீறவில்லை, நாயைத் தவிர.

அது சீதா வளர்த்த நாய். கன்னங்கரேலென்று இருந்த குட்டிக்கு வெள்ளையன் என்று பேர் வைத்தவளும் அவள்தான். இப்போது அதற்கு வயசாகிவிட்டது. ஒரு கண் மங்கி, பாதிப் பல் கொட்டி, பின்னங்காலை இழுத்துக்கொண்டு நடந்தது. ஆனாலும் சாயங்காலமானால் அந்த வாசலுக்குக் கிளம்பிவிடும்.

"போய்க் கூட்டிட்டு வாங்க. லோரிக்காரன் அடிச்சுப் போட்டுட்டுப் போயிடப் போறான்."

போனார். நாய் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. உள்ளே சீதா முக்காட்டோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த வீட்டில் நாயைத் தொடுகிற வழக்கம் இல்லை. ஒரு காலத்தில் அதைக் கட்டிக்கொண்டு தூங்கியவள் அவள். வெள்ளையன் அதையெல்லாம் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. தொடாவிட்டால் போகிறது, குரல் கேட்டால் போதும் என்று வாலால் மண்ணைப் பெருக்கிக்கொண்டிருந்தது.

"நாயைத் தேடி வந்தேன்," என்றார் தம்பிராஜா, ஆகாயத்தைப் பார்த்து. அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சீதா மெல்ல உள்ளே போய்விட்டாள்.

"வெள்ளையா, கிளம்புடா உன் வீட்டுக்கு," என்று அவர் அதட்டினார். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுக் கிளம்ப, மெர்டேக்காவுக்கு நாள் குறித்திருந்த சமயம் அது. எதிர்க் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

இந்த அவமானம் இனி ஆகாதென்று மறுநாள் நாயைக் கயிற்றால் கட்டினார். மிச்சமிருந்த பல்லை வைத்து அது கயிற்றை மென்றே தீர்த்தது. கேட்டைப் பூட்டினார். வேலிக்கு அடியில் பள்ளம் தோண்டிக்கொண்டு போய்விட்டது. அந்தப் பள்ளத்தில் காலை விட்டுத் தம்பிராஜா சுளுக்கிக்கொண்டார். அன்றைக்குச் சாலையில் நாயும் நொண்டியது, எஜமானும் நொண்டினார்.

"விட்டுத் தொலைங்களேன். அது பாட்டுக்குப் போய்ட்டு வரட்டும்," என்றாள் அஞ்சலை.

"முடியாது. இந்த வீட்ல ஒரு பேச்சுன்னா ஒரு பேச்சுதான்."

பாசாரில் ஒரு சங்கிலி வாங்கிவந்து, தாம் உட்காரும் பிரம்பு நாற்காலியோடு நாயைப் பிணைத்தார். மேலே நானே உட்கார்ந்திருக்கிறேன், பார்க்கலாம் என்று உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் உட்கார முடியும்? கொல்லைப்பக்கம் போய்விட்டு வருவதற்குள் நாயும் இல்லை, நாற்காலியும் இல்லை.

நாற்காலி தடதடவென்று சாலையில் போவது அவர் காதுக்குக் கேட்டது. சுளுக்கிய காலோடு மூச்சிரைக்க அவர் போய்ச் சேர்ந்தபோது, பீவியம்மா கேட்டருகில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. உக்கார்றதுக்கு நாற்காலியும் கொண்டாந்திருக்கு. உக்காருங்க."

கால் நின்றால்தானே. உட்கார்ந்தார். சொந்த நாற்காலி, சர்க்கார் சாலை.

"தேத்தண்ணி கலக்கிட்டு வர்றேன்."

"இந்த வீட்ல நான் எதுவும் குடிக்கிறதில்ல."

"வீட்லயா இருக்கீங்க? ரோட்லல்ல இருக்கீங்க."

கிராணிக்கு அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. தேநீர் வந்தது. இஞ்சி தட்டிப் போட்டு, சீனி குறைத்து, அவருக்குப் பிடித்த மாதிரியே இருந்தது. அப்படிப் போடத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் ஒருத்திதான். கண் கலங்கியது. "இஞ்சி காரம்," என்று சொல்லிவைத்தார்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நொண்ட முடியாதென்று அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அதற்கப்புறம் நாய் முன்னால் போகும், கொஞ்சம் கழித்து அவர் தேடிப் போவார். மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவள் மாசமாக இருப்பதை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார்.

மெர்டேக்கா முடிந்து மழை பிடித்த சமயத்தில் வெள்ளையன் செத்துப்போனது. ஒரு நோய்நொடி இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டது. வாழைமரத்தடியில் அவரே குழி தோண்டிப் புதைத்தார். மகள் போனபோது அழாததையும் சேர்த்து அழுதார்.

மறுநாள் சாயங்காலம் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நாய் இல்லையென்றால் அந்த வாசலில் தமக்கென்ன வேலை? மகளைப் பார்க்க வந்தேன் என்று சொல்ல நாக்கு எழும்பாது. கடைசியில் சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டார். அஞ்சலை பார்த்தாள்.

"மழை வரும். குடையை எடுத்துக்குங்க," என்றாள்.

பீவியம்மா கேட்டருகில் இருந்தார்.

"நாய் வந்துச்சா?" என்றார் தம்பிராஜா.

பீவியம்மா சங்கிலியைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார். "இன்னும் வரலண்ணே. உக்காருங்க, வந்துடும்."

அன்றைக்குத் தேநீரைச் சீதாவே கொண்டுவந்தாள்.

"கால் வலி எப்படி இருக்குப்பா?"

"இருக்கு." கொஞ்சம் பொறுத்து, "நீ ஏன் நடந்துக்கிட்டே இருக்கே, உக்காரு," என்றார்.

அவள் படியில் உட்கார்ந்தாள். அவர் சாலையைப் பார்த்து, "எங்க போச்சோ இந்த நாய்," என்றார். அவள் முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இப்படியே தினமும். ஆபீசில் ஒரு பொய்க் கையெழுத்துப் போடாதவர், இங்கே செத்த நாயைத் தேடிக்கொண்டிருந்தார். இரவில் அது நெஞ்சை அறுத்தது. சொல்லிவிட்டால் மகள் முகமும் போச்சு, பிறக்கப்போகிற பிள்ளையின் முகமும் போச்சு. சொல்லாவிட்டால் மண்ணுக்குள் கிடக்கிற ஜீவனை வைத்து ஏமாற்றுகிற பாவம்.

ஒருநாள் தேநீர் குடித்து முடித்ததும் எழுந்து நின்றார்.

"ஒண்ணு சொல்லணும் பீவியம்மா. அந்த நாய் இனிமே வராது. அது வந்து... நாளையிலேருந்து நானும்..."

பீவியம்மா அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டார்.

"அது செத்த அன்னைக்கே அஞ்சலையக்கா சொல்லிட்டாங்கண்ணே, எப்பவும் வர்ற மாதிரி பின்வாசல் வழியா வந்து. நீங்க பாட்டுக்கு நாளைக்கும் தேடிக்கிட்டு வாங்க."